ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? இன்டர்நெட்டில் ஒரு வழக்கு

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. இமெயில் அனுப்புகிறீர்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள், வெளிநாட்டில் இருக்கும் பேரனுடன் வீடியோவில் பேசுகிறீர்கள். அதற்கு அடுத்ததாகப் பலரும் போய்ச் சேரும் இடம் கேள்வி-பதில் தளங்கள். அங்கே யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். பதில் பிடித்திருந்தால் படிப்பவர்கள் ஓட்டுப் போடுவார்கள். சமையல், வருமான வரி, சாப்ட்வேர், சர்க்கரை நோய் என்று எல்லாமே உண்டு. ஆனால் கூட்டமும் கூச்சலும் அதிகமாக இருப்பது சரித்திரக் கேள்விகளில்தான்.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். திருவான்மியூரில் வீடு, பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. படித்தது இன்ஜினீயரிங். சரித்திரத்தில் என் தகுதி, பத்தாம் வகுப்பில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களையும் பரீட்சை நேரத்தில் படித்து அப்பாவிடம் திட்டு வாங்கியதுதான்.

2022 செப்டம்பர் 30 அன்று பொன்னியின் செல்வன் படத்தின் முதல் பாகம் வெளியானது. அடுத்த வாரமே நான் போகும் தளத்தில் அந்தக் கேள்வி வந்து விழுந்தது. ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றது யார்? கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதி முடித்தபோதே வாசகர்கள் கேட்ட கேள்விதான் இது. கல்கி அதை வேண்டுமென்றே மூடுபனியில் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. இருபது நிமிடத்தில் பதிலைத் தட்டிவிட்டேன். உத்தம சோழரின் சதி என்று எழுதினேன். ஆதாரம், உடையார்குடி கல்வெட்டு. சுமார் 15 ஆண்டுகள் அரசாண்ட உத்தமர் கொலைகாரர்களைத் தொடவே இல்லை. ராஜராஜர் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டிலேயே அவர்களைத் தண்டித்தார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று முடித்தேன். கடைசி வரி கொஞ்சம் வக்கீல் தோரணையில் இருந்தது. மறுநாள் காலை பல் தேய்க்கும்போது பார்த்தால் நானூறு ஓட்டு. வார இறுதிக்குள் ஆயிரத்தைத் தாண்டியது. அலுவலக கேன்டீனில் ஒருவர் என் பதிலையே, நான் எழுதியது என்று தெரியாமல், எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

இரண்டாவது மாடி சார்

எங்கள் அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். அரசு அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்பில் எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று என்னைக் கூப்பிட்டார். (உங்களுக்கும் அந்தத் தொல்லை இருந்தால், கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி பிளஸ் கீயைத் தட்டுங்கள். பக்கம் பெரிதாகும். மைனஸ் தட்டினால் சிறிதாகும்.) பெரிதாக்கிக் காட்ட, பெருமையோடு என் பதிலையே திறந்தேன். சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, அந்தக் கல்வெட்டை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன் சார்" என்றேன்.

அது பொய். நான் படித்தது கல்வெட்டைப் பற்றி யாரோ எழுதியதைப் பார்த்து வேறு யாரோ எழுதியதை. சார் ஒன்றும் சொல்லவில்லை. "அப்போ எனக்கும் காட்டுங்க" என்றார். வசமாக மாட்டிக்கொண்டேன்.

அன்று இரவு தேட உட்கார்ந்தேன். முதலில் என் பதிலுக்கு மூலமாக இருந்த ஒரு வாக்கியத்தை எடுத்து, முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி போட்டுத் தேடினேன். இப்படித் தேடினால் அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்கள் மட்டுமே வரும். புதியவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை இது. ஏழு பக்கங்கள் வந்தன. ஏழிலும் அதே வாக்கியம், அதே எழுத்துப்பிழை! ஏழு சாட்சிகள் என்று நான் நினைத்திருந்தது உண்மையில் ஒரே ஆள். அவர் யார் என்றும் தெரியவில்லை.

விக்கிபீடியாவுக்குப் போனேன். அதில் பெரும்பாலானவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மேலே உரையாடல், வரலாறு என்று இரண்டு சுட்டிகள் இருப்பதைக் கவனிப்பதில்லை. வரலாற்றைக் கிளிக் செய்தால் எந்த வரியை எப்போது யார் மாற்றினார்கள் என்று தெரியும். உரையாடலைக் கிளிக் செய்தால் கட்டுரைக்குப் பின்னால் நடந்த சண்டை தெரியும். கட்டுரையின் அடிக்குறிப்புகளும் முக்கியம். எனக்கு வழி கிடைத்தது ஓர் அடிக்குறிப்பில்தான்.

கல்வெட்டு கம்ப்யூட்டரில்

உடையார்குடி, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரியின் பக்கம். வீரநாராயணன் ஏரி என்பதுதான் வீராணம் ஆயிற்று. முதலாம் பராந்தக சோழரின் பட்டப்பெயர் அது. வந்தியத்தேவன் குதிரையில் வரும் நாவலின் முதல் காட்சி இந்த ஏரிக்கரையில்தான். கல்வெட்டு இருப்பது அங்குள்ள அனந்தீசுவரர் கோயில் சுவரில். தொல்லியல் துறை 1920ஆம் ஆண்டின் 577ஆம் எண்ணாக அதைப் பதிவு செய்தது. பிறகு கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அதைப் பதிப்பித்து எபிகிராபியா இண்டிகாவின் 21ஆம் தொகுதியில் வெளியிட்டார். பழைய நூலகங்களில் தடிதடியாக, தூசியோடு நிற்கும் வரிசை அது.

இப்போது அந்தத் தூசி தேவையில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற தளத்தில் இந்தத் தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன, காசு கிடையாது. தேடும் பெட்டியில் பெயரையும் தொகுதி எண்ணையும் ஆங்கிலத்தில் கொடுத்தால் போதும். பைல் பெரியது. டவுன்லோட் ஆகும் நேரத்தில் ஒரு காபி குடிக்கலாம். ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். இவை பக்கங்களைப் படம் பிடித்த பி.டி.எஃப். பைல்கள். கண்ட்ரோலுடன் எஃப் கீயைத் தட்டித் தேடினால் ஆங்கிலச் சொற்கள் ஓரளவு சிக்கும். கல்வெட்டு வாசகம் சிக்காது, ஏனெனில் கிரந்த எழுத்தும் தமிழும் கலந்த அச்சு அது. பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்கத்துக்குப் போவதே நல்லது.

சாரின் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, இருவரும் பக்கத்தைப் பெரிதாக்கி வரி வரியாகப் பார்த்தோம். எனக்குப் பாதி புரியவில்லை. சாருக்குத்தான் புரிந்தது. ஆவணங்களைப் படித்தே முப்பது வருடம் ஓட்டியவர் அல்லவா!

கல்வெட்டு ராஜகேசரிவர்மனின் இரண்டாம் ஆண்டு என்று தொடங்குகிறது. அரசனின் சொந்தப் பெயர் கிடையாது. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். உத்தமர் பரகேசரி. ஆகவே அவர் இல்லை. சுந்தர சோழரும் ராஜகேசரிதான். ஆனால் அவருடைய இரண்டாம் ஆண்டில் மகன் ஆதித்தன் உயிரோடு இருந்தான். மிஞ்சுவது 985இல் பட்டத்துக்கு வந்த ராஜராஜர். அப்படியானால் கல்வெட்டு 986-87ஐச் சேர்ந்தது. இதுவரை நான் எழுதியது சரி.

பாண்டியனின் தலையைக் கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற ரவிதாசன், அவன் தம்பி இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்ற பரமேசுவரன் ஆகியோரைக் கல்வெட்டு பெயரோடு குறிப்பிடுகிறது. அந்தக் குடும்பத்தினர், பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் என்று உறவினர்கள் பட்டியல் நீள்கிறது. இவர்களுடைய உடைமைகளை விற்கும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசனின் ஓலை வருகிறது. அப்படி விற்ற நிலத்தை வாங்கிய ஒருவர் அதை அறச்செயலுக்கு எழுதி வைக்கிறார். கல்லில் வெட்டியதற்குக் காரணமே இந்தக் கடைசி விஷயம்தான்.

அவ்வளவுதான். கொலை எப்போது நடந்தது என்று இல்லை. எங்கே, எதற்காக என்று இல்லை. மூவரும் பிடிபட்டார்களா, தண்டிக்கப்பட்டார்களா, ஓடிப்போனார்களா என்று இல்லை. உத்தம சோழர் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

"இது சொத்து விற்ற பத்திரம் தம்பி" என்றார் சார். "விற்ற தேதி இதிலே இருக்கு. கேஸ் நடந்த தேதி எங்கே இருக்கு? நான் சர்வீஸிலே இருக்கும்போது, ஒரு ஆளுக்குத் தண்டனையாகி ஒன்பது வருஷம் கழிச்சு அவன் சொத்தை ஏலம் விட்டாங்க. பைலைப் பார்க்கிறவன் ஏலத் தேதியைப் பார்த்துட்டு, இத்தனை நாளா கவர்ன்மென்ட் தூங்கிச்சுன்னு எழுதினா எப்படி?"

எனக்குச் சுருக்கென்றது. இந்தத் தவறு எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. ஒரு புரோகிராம் தன் லாக் பைலில் ஒரு பிழையை 10.42க்கு எழுதியிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பிழை 10.42க்குத்தான் நடந்தது என்று அடித்துச் சொல்வார். 10.42 என்பது எழுதப்பட்ட நேரம். பிழை அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நடந்திருக்கலாம். வேலைக்குச் சேர்ந்த பசங்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆயிரம் வருடத்து லாக் பைலில் நானே போய் விழுந்திருக்கிறேன்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டுமே

உத்தமர் நிரபராதி என்று உடனே தீர்ப்பு எழுதிவிட முடியாது. அவர் மீது சந்தேகத்தை எழுப்பியவர் சாதாரண ஆள் இல்லை, நீலகண்ட சாஸ்திரியேதான். 1935இல் முதல் பகுதி வந்த அவருடைய சோழர் வரலாறு இன்றும் எல்லோரும் தொட்டுத் தொடங்கும் நூல். அவருக்குத் துணை நிற்பது முதலாம் ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு. ஆதித்தன் மறைந்த பின் மக்கள் அருள்மொழியை அரசனாக வேண்டினார்கள் என்றும், சிற்றப்பனுக்கு அரசில் ஆசை இருக்கும்வரை தனக்கு அது வேண்டாம் என்று அவன் எண்ணினான் என்றும் செப்பேடு சொல்கிறது. அந்தச் சிற்றப்பன்தான் உத்தமர். ஆசை இருந்தது, கொலையால் லாபமும் அவருக்கே வந்தது. போலீஸ் அதிகாரி யாராக இருந்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

எதிர்த்தரப்பில் தி.வை. சதாசிவ பண்டாரத்தார் இருக்கிறார். சோழர் சரித்திரத்தைத் தமிழில் விரிவாக எழுதியவர். உத்தமருக்கு இதில் பங்கில்லை என்பது அவர் முடிவு. அவர் நூல்கள் அரசுடைமை ஆனவை என்பதால் தேடினால் இன்டர்நெட்டில் இலவசமாகவே படிக்கலாம். கல்வெட்டு ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியனும் உடையார்குடிக் கல்வெட்டை மறுபடி வாசித்து, அதில் இல்லாததை அதன் தலையில் ஏற்றக்கூடாது என்று எழுதியிருக்கிறார். என் மனதை அசைத்தது வேறொரு செய்தி. உத்தமரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜரின் அரசில் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பெரிய அதிகாரியாக இருந்தார். அண்ணனைக் கொன்றவரின் மகனை ஒருவர் அப்படிப் பக்கத்தில் வைத்துக்கொள்வாரா? வைத்துக்கொள்ள மாட்டார் என்று நான். அரசியலில் எல்லாம் நடக்கும் என்று சார்.

பாண்டியர்களின் பழிவாங்கல் என்ற மூன்றாவது கட்சியும் உண்டு. ஆதித்தன் வீரபாண்டியனின் தலை கொண்டவன் என்று பட்டம் போட்டுக்கொண்டவன். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். ஆகவே ரவிதாசன் பாண்டியரின் ஆள் என்கிறார்கள். ஆனால் அவன் தம்பியின் பட்டத்தில் இருமுடிச்சோழன் இருக்கிறானே! பாண்டியரை வென்ற சோழர்கள் பஞ்சவன் என்ற சொல்லைத் தங்கள் பட்டங்களிலும் வைத்துக்கொண்டார்கள். ராஜராஜரின் தேவியருள் ஒருவருக்கே பஞ்சவன்மாதேவி என்று பெயர். இந்தச் சாட்சி இரண்டு பக்கமும் பேசுகிறது.

நந்தினியைச் சாட்சிக்கு அழைப்பவர்களும் தளத்தில் ஏராளம். நந்தினி கல்கியின் கற்பனை. சம்மன் அனுப்ப முடியாது.

பதிலைத் திருத்திய கதை

இதற்குள் என் பதிலின் கீழே வேறொரு சண்டை பெரிதாகியிருந்தது. பிரமாதிராஜன் என்பது சோழ அரசு பிராமண அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் இன்று உயிரோடு இருக்கும் மனிதர்களை ஜாதி சொல்லித் திட்டிக்கொண்டிருந்தது. பதிலுக்கு இன்னொரு கூட்டம், கல்வெட்டே பொய், வெள்ளைக்காரன் வெட்டி வைத்தது என்றது. இரண்டு கூட்டத்துக்கும் கொடிக்கம்பமாக நின்றது என் பதில். தளத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். என் பதிலை யாரோ வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, உன் தாத்தாதானே கொன்றது என்று அவரைக் கேலி செய்கிறார்களாம். "அண்ணா, கல்வெட்டில் அப்படி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

பதிலை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். ஒரு கிளிக் போதும். சார் வேண்டாம் என்றார். "அழிச்சா, ஏற்கெனவே படிச்சவனுக்கு எப்படித் தெரியும்? கணக்கிலே தப்பு வந்தா வெள்ளை மை பூசக்கூடாது. கோடு போட்டுட்டு, பக்கத்திலே சரியானதை எழுதி, கையெழுத்துப் போடணும்."

அப்படியே செய்தேன். எடிட் பட்டனை அழுத்தி, மேலே தேதி போட்டு, நான் எழுதியது தவறு என்று முதல் வரியிலேயே சொன்னேன். பழைய பதிலைக் கீழே அப்படியே விட்டேன். கல்வெட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, சாஸ்திரி ஏன் சந்தேகப்பட்டார், பண்டாரத்தார் ஏன் மறுத்தார் என்று எழுதி, தொகுதி எண்ணையும் கொடுத்தேன். கல்வெட்டு குறிப்பிடுவது சில தனி மனிதர்களையும் அவர்கள் வீட்டாரையும்தான், ஒரு ஜாதியை அல்ல என்பதைத் தனி வரியாகப் போட்டேன். மாணவருக்கும் அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்பினேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுகள் நூற்றுக்கணக்கில் குறைந்தன. எவ்வளவு வாங்கினாய் என்று ஒருவர் கேட்டார். நீயும் அவர்களில் ஒருவன்தானே என்று இரண்டு தரப்பும் திட்டின, ஒரே நாளில். வாட்ஸ்அப்பில் இன்றுவரை சுற்றுவது என் பழைய பதில்தான். திருத்திய பதிலை யாரும் எனக்கு அனுப்பவில்லை. மாணவர் மட்டும் நன்றி என்று எழுதினார். குரூப்பில் படத்தைப் போட்டாராம். "யாரும் படிக்கலை அண்ணா, ஆனா பேச்சை மாத்திட்டாங்க."

நீங்கள் இறங்குவதற்கு முன்

இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களும் ஒரு சரித்திரக் கேள்விக்குப் பதில் எழுத விரும்பினால் தாராளமாக எழுதுங்கள். நான் பட்ட சில அவஸ்தைகள் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகச் சில குறிப்புகள்.

தமிழில் ஒரே பெயரைப் பலவிதமாக எழுதுவார்கள். ரவிதாசன், ரவிதாஸன், உடையார்குடி, உடையார்க்குடி. ஒன்றில் கிடைக்காவிட்டால் இன்னொன்றில் தேடுங்கள். சில மிகப் பழைய தமிழ்ப் பக்கங்களைத் திறந்தால் எறும்பு ஊர்ந்ததுபோல் புரியாத எழுத்துகள் தெரியும். பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் வேறு எழுத்துருக்களில் எழுதியவை அவை. மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

நாவல் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மதுரைத் திட்டத்துக்குப் போங்கள். 1998 பொங்கலன்று தொடங்கி, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வளர்த்த நூலகம் அது. பொன்னியின் செல்வன் முழுவதும் அங்கே எழுத்து வடிவில் உள்ளது. கண்ட்ரோல் எஃப் அங்கே நன்றாக வேலை செய்யும். படமாக உள்ள தமிழ்ப் புத்தகப் பக்கத்தை எழுத்தாக மாற்ற, கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸ் மூலம் திறந்து பாருங்கள். சாதாரண அச்சுக்கு ஆச்சரியப்படும்படி வரும். ஆனால் எண்களை நம்பாதீர்கள். எனக்கு ஒருமுறை 985ஐ 935 ஆக்கிக் கொடுத்தது.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. யார் கொன்றது என்று கேட்டால் நூறு தீர்ப்புகள் வரும். உடையார்குடிக் கல்வெட்டில் உத்தம சோழர் பெயர் இருக்கிறதா என்று கேட்டால் பத்துப் பேர்கூட வரமாட்டார்கள். வருகிற இரண்டு பேர் கல்வெட்டைப் படித்தவர்களாக இருப்பார்கள்.

கம்ப்யூட்டரில் கிடைக்காதவையும் இருக்கின்றன. எங்கள் பகுதிக்காரர்களுக்கு அதில் அதிர்ஷ்டம் அதிகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இரண்டும் அருகிலேயே உள்ளன. சார் இப்போது ஷேர் ஆட்டோவில் தரமணிக்குப் போய்வருகிறார்.

போன மாதம் அவரும் அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கிவிட்டார். முதல் வேலையாக என் திருத்திய பதிலின் கீழேயே ஒரு மறுப்பு எழுதினார். கல்வெட்டில் பெயர் இல்லாததால் உத்தமருக்கு எதுவும் தெரியாது என்று ஆகிவிடாது. பதினைந்து வருடம் அரசராக இருந்தவர் வழக்கு பைலைப் பிரித்தே பார்க்கவில்லையா என்பது அவர் கட்சி. நான் அதற்கு நான்கு பத்தியில் பதில் எழுதியிருக்கிறேன். நேற்று லிப்டில் பார்த்தபோது, "உங்க மூணாவது பத்திக்கு ஆதாரம் போடலையே தம்பி" என்றார்.

தேடிக்கொண்டிருக்கிறேன்.